நுரையும் கணக்கும்

போன வருஷம் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னதாக எங்கள் வீட்டுக்கு ஒரு சிறிய அட்டைப் பெட்டி வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஆறு சோப்புகள். ஒவ்வொன்றும் வாழைநாரால் கட்டப்பட்டிருந்தது. ஒன்றில் வெட்டிவேர் மணம். ஒன்றில் எலுமிச்சம்புல் மணம். மற்றொன்று கஞ்சி போட்ட பழைய வேஷ்டியின் நிறம். "எல்லாம் என் கையால் செய்தவை, மாமா" என்று, கும்பகோணத்தில் இருக்கும் என் தமக்கையின் மகள் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியிருந்தாள்.

அந்தத் தீபாவளிக்குக் கங்கா ஸ்நானம் அந்தச் சோப்பில்தான் நடந்தது. குளித்துவிட்டு வந்த என் மனைவி, "இதை விற்றால் என்ன?" என்று கேட்டாள். "பேஷாய் விற்கலாமே!" என்றேன் நான். இந்த இரண்டு வாக்கியங்களையும் உடனே கும்பகோணத்துக்குத் தெரிவித்தும் விட்டோம். பின்னால் நேர்ந்தவற்றை நினைத்துப் பார்க்கும்போது, இலவசமாக யோசனை சொல்லுகிறவர்களும் உரிமம் வாங்கித்தான் சொல்ல வேண்டும் என்று சர்க்கார் ஒரு சட்டம் செய்தால் தேவலை என்று தோன்றுகிறது.

எங்களைப் போலவே அண்டை அயலாரும் அவளைப் புகழ்ந்திருக்கிறார்கள். புகழ்ச்சியைக் கேட்டு மனம் குளிராதவர் யார்? தெருக்கோடி வீட்டில் கார்த்திகை மாதம் கல்யாணம். தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதிலாக இந்தச் சோப்பைப் போட வேண்டுமென்று பெண்ணின் தகப்பனார் விரும்பினார். மொத்தம் 300 சோப்பு. ஒன்று 40 ரூபாய். 12,000 ரூபாய்க்குப் பேச்சு முடிந்து, முன்பணமாக 5,000 ரூபாயும் கைக்கு வந்துவிட்டது. அந்தப் பணத்தோடு, மகனின் பள்ளிக் கட்டணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த ஆறாயிரத்தையும் சேர்த்து எண்ணெய் வாங்கினாள். கல்யாணத்துக்கு இருந்த அவகாசம் சரியாக மூன்று வாரம்.

இட்லிக்கு ஈடு என்று சொல்வோம் அல்லவா? அவளுடைய பாத்திரத்தில் ஓர் ஈட்டுக்கு 13 சோப்புத்தான் வரும். நாளைக்கு இரண்டு ஈடாக 12 நாள் இடைவிடாமல் காய்ச்சினாள். கல்யாணத்துக்கு முதல் நாள் சோப்புகளைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, கடைசியாக வார்த்தவற்றுக்கு வயது எட்டு நாள். வெளியே கார்த்திகை மழை. சோப்புகளோ பிளாஸ்டிக் உறைக்குள் இறுகக் கட்டியிருந்தன. மறுநாள் பார்த்தால் எல்லாச் சோப்பும் வியர்த்திருந்தன! பெயர் அச்சிட்ட காகிதம் ஊறி மை கரைந்து விட்டது. தொட்டால் விரல் பதிந்தது. 180 சோப்பு பைகளில் போன பிறகுதான் இது தெரிய வந்தது. பெண்ணின் தகப்பனார் நல்ல மனிதர். "பரவாயில்லை, அம்மா! பாதிப் பணமாவது வாங்கிக் கொள்" என்றார். அவள் கேட்கவில்லை. வளையல் இரண்டையும் அடகு வைத்து முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள்; மிஞ்சியதில் மகனுக்குப் பள்ளிக் கட்டணத்தையும் கட்டினாள். மிகுதி 120 சோப்பையும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தாள். "மாமா, இனிமேல் நான் சோப்புப் பக்கமே போவதில்லை" என்று எனக்குச் செய்தி வந்தது.

யோசனை சொன்ன பாவத்துக்குப் பிராயச்சித்தமாக, தை மாதம் நான் கும்பகோணத்துக்குப் புறப்பட்டேன்.

* * *

போனவுடன், "அந்த 120 சோப்பு எங்கே?" என்று கேட்டேன். கொல்லைப்புற அறையில் மரச் சட்டங்களின் மேல் பரப்பியபடியே கிடந்தன. அவமானத்தின் காரணமாக அவள் அந்த அறைப் பக்கமே போகவில்லை. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கல்லைப் போல இறுகியிருந்தது. தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் தயிர் ஏடு போல நுரை! அவளும் வாங்கித் தேய்த்துப் பார்த்தாள். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் சோப்பில் குற்றமில்லையா, மாமா?" என்றாள்.

"சோப்பில் குற்றமில்லை, குழந்தாய்; காலண்டரில்தான் குற்றம்" என்றேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் கலந்தால் இரண்டும் தத்தம் குணத்தை இழந்து, சோப்பு, கிளிசரின் என்ற இரண்டு புதிய பொருள்களாக மாறுகின்றன. இந்த மாறுதல் பெரும்பாலும் ஓரிரண்டு நாளில் முடிந்து போகும். ஆனால் காரத்தைக் கரைக்க ஊற்றிய தண்ணீர் சோப்புக்குள்ளேயே தங்கியிருக்கிறது. அது மெல்ல மெல்ல வெளியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரையில் சோப்பு மென்மையாய் இருக்கும். குளிக்கும்போது சீக்கிரம் கரைந்து போகும். பெரிய ஆலைகளில் கிளிசரினைப் பெரும்பாலும் தனியே பிரித்தெடுத்து வேறு உபயோகங்களுக்கு விற்று விடுகிறார்கள். வீட்டுச் சோப்பிலோ அது முழுவதும் உள்ளேயே இருக்கிறது. தோலுக்கு அது நல்லது. ஆனால் கிளிசரினுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கொள்ளும் சுபாவம் உண்டு. எனவே மழைக்காலத்தில் அது வியர்க்கிறது. இளஞ்சோப்பைப் பிளாஸ்டிக்கில் கட்டினால் உள்ளே இருக்கும் தண்ணீருக்கும் வெளியேற வழியில்லை. காற்றோட்டமான அறை, இடைவெளி விட்ட மரச் சட்டம், மூச்சு விடக்கூடிய காகித உறை, எல்லாவற்றுக்கும் மேலாக ஆறு வாரம் பொறுமை: இவைதாம் அந்த 120 சோப்பும் எங்களுக்குக் கற்பித்த பாடம்.

வீட்டில் சோப்புச் செய்து பார்க்க விரும்பும் நேயர்களுக்காக அவளுடைய அளவையும் இங்கே தருகிறேன். தேங்காய் எண்ணெய் 700 கிராம், கடலை எண்ணெய் 200 கிராம், விளக்கெண்ணெய் 100 கிராம். தேங்காய் எண்ணெய் சோப்புக்குக் கெட்டித்தன்மையும் நுரையும் தரும். உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும். ஆனால் அது மட்டும் தனியாக இருந்தால் தோல் வறண்டு போகும். அதைத் தணிக்கக் கடலை எண்ணெய். நுரை நிலைத்து நிற்க விளக்கெண்ணெய். ஒவ்வோர் எண்ணெய்க்கும் தேவையான காரம் வேறு வேறு. கிராம் ஒன்றுக்குத் தேங்காய் எண்ணெய்க்கு 0.183, கடலை எண்ணெய்க்கு 0.136, விளக்கெண்ணெய்க்கு 0.128 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். கூட்டினால் 168 கிராம். இதில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்து 160 கிராம் போடுகிறாள். சிறிது எண்ணெய் மாறாமல் மிஞ்சினால் தோலுக்கு இதம். காரம் மிஞ்சினாலோ தோல் எரியும். தண்ணீர் 320 கிராம். எல்லாவற்றையும் தராசில் நிறுத்துத்தான் போட வேண்டும். ஆழாக்கும் கரண்டியும் ரசத்துக்குச் சரி, சோப்புக்கு உதவா. எண்ணெயை மாற்றினால் காரத்தின் கணக்கையும் மாற்றியே ஆக வேண்டும்.

இந்த இடத்தில் வேடிக்கையை விட்டு ஒரு வார்த்தை சொல்லுகிறேன். காஸ்டிக் சோடா கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். தோலில் பட்டால் வெந்துவிடும். காரத்தைத்தான் தண்ணீரில் சிறுகச் சிறுகப் போட வேண்டுமேயன்றி, காரத்தின் மேல் தண்ணீரை ஒருபோதும் ஊற்றக் கூடாது. ஊற்றினால் கொதித்துச் சீறித் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காரம் அதை அரித்து, தீப்பற்றக் கூடிய வாயுவைக் கிளப்பும். எவர்சில்வர் பாத்திரம் உத்தமம். ஆனால் சோப்புக்கு என்று ஒதுக்கிய பாத்திரம் மறுபடியும் சமையலறைக்கு வரக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, ஜன்னலைத் திறந்து வைத்து, குழந்தைகள் பள்ளிக்குப் போன பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். மேலே பட்டுவிட்டால் புளியையும் வினிகரையும் தேடி ஓடாமல், நிறையத் தண்ணீர் விட்டு வெகு நேரம் கழுவி, வைத்தியரிடம் போக வேண்டும். காரக் கரைசலும் எண்ணெயும் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பின் கலந்து, தோசை மாவுப் பதம் வரும் வரையில் கடைந்து, மணத்தைச் சேர்த்து அச்சில் வார்த்து, மறுநாள் துண்டு போடலாம்.

* * *

காலண்டர் விஷயம் இவ்வளவுதான். இனிக் கணக்கு விஷயம். இதில்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஒரு சோப்புக்கு 40 ரூபாய் என்று எப்படி விலை வைத்தாய்?" என்று கேட்டேன். "கடைச் சோப்பு அந்த விலைதானே இருக்கிறது, மாமா?" என்றாள். பையனுடைய பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து வைத்துக் கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். அவள் வாங்கிய விலைப்படி ஓர் ஈட்டுக்குத் தேங்காய் எண்ணெய் ரூ. 280, கடலை எண்ணெய் ரூ. 40, விளக்கெண்ணெய் ரூ. 20, காரம் ரூ. 16, வாசனைத் தைலம் ரூ. 60, ஆக ரூ. 416. இதைப் 13-ஆல் வகுத்தால் ஒரு சோப்புக்கு 32 ரூபாய். உறைக்கும் அச்சிட்ட காகிதத்துக்கும் 4 ரூபாய். ஆக 36 ரூபாய். மிச்சம் 4 ரூபாய்.

"நாலு ரூபாய் லாபம் வருகிறதே!" என்று அவள் முகம் மலர்ந்தது.

"உன் கூலி எங்கே?" என்றேன்.

"என் கூலியா? வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில்தானே செய்கிறேன்?"

நேயர்களே, நம் குடும்பங்களில் தாய்மாரும் சகோதரிகளும் சொல்லும் இந்த ஒரு வாக்கியத்தால் எத்தனை கைத்தொழில்கள் பாழாய்ப் போயிருக்கின்றன, தெரியுமா? அப்பளம் இட்டவர், ஊறுகாய் போட்டவர், கூடை முடைந்தவர், ரவிக்கை தைத்தவர் எல்லாரும் 'சும்மா இருக்கிற நேரம்' என்றுதான் சொன்னார்கள். சும்மா இருக்கிற நேரத்தை நான் அந்த வீட்டில் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறவள், 300 சோப்புக்காக இரவு பதினொரு மணி வரையில் விழித்திருக்கிறாள். நிறுப்பது முதல் பாத்திரம் கழுவி உறை போடுவது வரையில் ஓர் ஈட்டுக்கு மூன்று மணி நேரம். 24 ஈட்டுக்கு 72 மணி நேரம். செலவு போக அவளுக்கு மிஞ்சியிருக்க வேண்டியது 1,200 ரூபாய். அதாவது மழை பெய்யாமல், சோப்பு வியர்க்காமல், எல்லாம் செவ்வனே நடந்து முழுப் பணமும் வந்திருந்தால்கூட, மணி ஒன்றுக்கு ஏறக்குறைய 17 ரூபாய்!

நான் இதைப் படித்துக் காட்டியதும் அவள் கண் கலங்கிவிட்டது. "நஷ்டம் மழையால் வந்தது என்று நினைத்தேன், மாமா" என்றாள். இல்லை. விலை பேசிய அன்றைக்கே நஷ்டம் வந்துவிட்டது. மழை அதைக் காட்டிக் கொடுத்தது, அவ்வளவுதான்.

மறுபடியும் கணக்குப் போட்டோம். அடுத்த வீட்டுப் பெண்ணை உதவிக்கு வைத்தால் மணிக்கு 60 ரூபாயாவது கொடுக்க வேண்டாமா? அதையே தனக்கும் கூலியாக வைத்துக் கொள்ளட்டும். ஒரு சோப்புக்குக் கூலி 14 ரூபாய். மின்சாரம், உடைந்த துண்டு, சோதனைக்குப் போனது ஆகியவற்றுக்கு 5 ரூபாய். அடக்கவிலை 55 ரூபாய் ஆகிறது. கடைக்காரர் விற்றுக் கொடுப்பதற்கு நூற்றுக்கு முப்பது கேட்டால், 90 ரூபாய்க்கு விற்றால்தான் 63 ரூபாய் கைக்கு வரும். அதாவது 40 ரூபாய்க்கு அவள் கொடுத்த சோப்பின் நியாயமான விலை 90 ரூபாய்!

"தொண்ணூறு ரூபாய் கொடுத்து யார் வாங்குவார்கள்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. எல்லாரும் வாங்க மாட்டார்கள். ஆலைச் சோப்போடு விலையில் போட்டியிடப் புகுந்தால் ஆலைதான் ஜெயிக்கும். தேங்காய் எண்ணெயின் மதிப்புத் தெரிந்தவர்கள், செய்கிறவளின் முகம் தெரிந்தவர்கள், ஒரு முறை உபயோகித்து மறுமுறை கேட்கிறவர்கள், இவர்களுக்காகத்தான் இந்தச் சோப்பு. ஊரில் அப்படி நூறு குடும்பம் இருந்தால் போதும். அவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் வியாபாரம். கேட்டவருக்கெல்லாம் நஷ்டத்துக்குக் கொடுப்பது தானம். தானம் நல்ல காரியந்தான். ஆனால் பையனுடைய பள்ளிக் கட்டணத்தைக் கொண்டு செய்யத் தக்கதல்ல.

செலவைக் குறைக்கவும் வழி உண்டு. ஒரு கிலோவுக்குப் பதிலாக ஐந்து கிலோ எண்ணெயை ஒரே ஈடாகச் செய்தால் 65 சோப்பு. நேரமோ பதினைந்து மணி ஆகாது. ஐந்து மணிதான் ஆகும். ஆகவே கூலி சோப்புக்கு 5 ரூபாய்க்குள் அடங்கி, அடக்கவிலை 46 ரூபாயாக இறங்குகிறது. எண்ணெயை மட்டம் செய்து மிச்சம் பிடிக்க வேண்டிய அவசியமில்லை. பாத்திரத்தைப் பெரிதாக்கினால் போதும். ஆனால் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. வாரம் 65 சோப்பு விற்க வேண்டுமானால், ஆறு வாரத்துச் சரக்காகிய 390 சோப்பு எப்போதும் சட்டத்தின் மேல் உலர்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஒன்றுக்கு 32 ரூபாய் வீதம் 12,480 ரூபாய் அங்கே தூங்குகிறது. இந்த முதல் கையில் இல்லாமல் பெரிய உத்தரவுகளை ஒப்புக் கொள்ளலாகாது.

* * *

சட்டம் ஒன்று இருப்பதையும் பலர் அறியார். குளிக்கும் சோப்பை நமக்கும் உறவினருக்கும் செய்துகொள்ளத் தடையில்லை. விற்பனைக்குச் செய்தால் 1940-ஆம் வருஷத்து மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழ் மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளிடம் உரிமம் பெற வேண்டும். முன்பு சோப்புக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு இருந்தது. 1982-ல் செய்த திருத்தத்தால் அது போய்விட்டது. இப்போது 2020-ஆம் வருஷத்து விதிகள் அமலில் இருக்கின்றன. சமையலறையில் செய்து விற்க முடியாது. வசிக்கும் பகுதியோடு சேராத தனி இடம் வேண்டும். ரசாயனமோ மருந்தாளுமையோ படித்த ஒருவரின் மேற்பார்வை வேண்டும். இவற்றுக்கு வசதி இல்லாதவர்கள், ஏற்கெனவே உரிமம் பெற்ற ஆலையில் தங்கள் பெயரில் செய்வித்துக் கொள்ளவும் விதிகளில் இடமிருக்கிறது. உறையின் மேல் செய்தவர் பெயர், விலாசம், சேர்த்த பொருள்கள், உரிம எண், எடை, விலை எல்லாம் காண வேண்டும். சொறி தீரும், படை தீரும் என்று எழுதினாலோ, சோப்பு மருந்தாகிவிடும். அதற்கு விதிகளும் வேறு.

"இவ்வளவு தொந்தரவா?" என்று மலைத்துப் போகிறவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்லுகிறேன். சென்னையில் ரயில்வே ஆஸ்பத்திரியில் வைத்தியராயிருந்த டாக்டர் வி. பி. சித்தன் என்பவர் 1969-ல் தம் வீட்டிலேயே மூலிகைச் சோப்புச் செய்ய ஆரம்பித்தார். அவர் மனைவியும் உடனிருந்து உழைத்தார். அதுதான் பின்னால் 'மெடிமிக்ஸ்' என்று பிரசித்தி பெற்றது. மாதத்துக்கு ஒரு நிறமும் வாரத்துக்கு ஒரு மணமுமாக அவர்கள் ஓடவில்லை. பல வருஷங்கள் அந்த ஒரே பச்சைச் சோப்புத்தான். முதல் சோப்பை ஆசைக்காக வாங்குகிறார்கள். இரண்டாவது சோப்பை, முதல் சோப்பைப் போலவே இருக்கும் என்ற நம்பிக்கையினால் வாங்குகிறார்கள். பொழுதுபோக்குக்குப் புதுமை அழகு. வியாபாரத்துக்கு மாறாமைதான் அழகு.

என் மருமகள் ரசாயனம் படித்துப் பட்டம் பெற்றவள். கல்யாணமான பிறகு அந்தப் பட்டம் பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துத் தூசி தட்டினாள். கொல்லையில் வீட்டோடு ஒட்டாமல் தனியாய் நின்ற பழைய மாட்டுக் கொட்டிலைச் செப்பனிட்டு, சுவரைக் கழுவும்படியாகப் பூசி, தனி வாசல் வைத்து மனுச் செய்தாள். ஆறு தினுசு இரண்டு தினுசாகக் குறைந்தது. அந்தக் கல்யாண வீட்டுக்காரருக்கு, உலர்ந்த சோப்பில் ஒரு டஜனைக் கொண்டுபோய், 'அன்று கொடுத்திருக்க வேண்டியவை' என்று சொல்லி இனாமாகக் கொடுத்துவிட்டு வந்தாள். உரிமம் வந்ததும் முதல் வாடிக்கைக்காரர் அவர்தான்.

இந்தத் தீபாவளிக்கும் எங்களுக்கு அட்டைப் பெட்டி வந்தது. ஆறு சோப்பு, காகித உறை, உறையின் மேல் உரிம எண். வளையல்களைப் பற்றி விசாரித்தேன். ஒன்று அடகிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டதாம். மற்றொன்று தை மாதம் வந்துவிடுமாம். பெட்டியின் அடியில் வழக்கம் போல் ஒரு துண்டுக் காகிதம். பிரித்தேன். அது கடிதமல்ல, ரசீது: 'சோப்பு 6, ரூ. 540. மாமாவுக்குத் தள்ளுபடி கிடையாது.'

உடனே பணத்தை அனுப்பிவிட்டேன். இந்த முறை யோசனை ஒன்றும் சொல்லவில்லை.